பார்க்கின்சன் நோய்: எந்த ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது

கை நடுங்குகிறது, நடை சுருங்கிவிட்டது. தலையை எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘வயதுக்குரிய மாற்றங்கள் தவிர வேறொன்றும் இல்லை’ என்று அறிக்கை வருகிறது. பார்க்கின்சன் இல்லை என்று வீட்டார் ஆறுதல் கொள்கிறார்கள். மருத்துவரோ அறிக்கையைப் படித்துவிட்டு, பார்க்கின்சனுக்குரிய லெவோடோபா மாத்திரை எழுதித் தருகிறார். இரண்டும் முரண்போலத் தோன்றும். உண்மையில் முரண் எதுவும் இல்லை. வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் பார்க்கின்சன் நோய் தெரியாது. படம் இயல்பாக இருப்பதுதான் அந்த நோயில் எதிர்பார்க்கப்படுவது.

இந்நோயைக் கண்டறிவது இன்றைக்கும் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைதான். பன்னாட்டு பார்க்கின்சன் மற்றும் இயக்கக் கோளாறுகள் கழகம் 2015இல் வெளியிட்ட வரையறையின் அடிப்படை எளியது. அசைவில் மந்தம் இருக்க வேண்டும்; விரலைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னால் வேகமும் வீச்சும் போகப்போகக் குறைய வேண்டும். அதோடு ஓய்வில் இருக்கும்போது வரும் நடுக்கமோ, தசை விறைப்போ இருக்க வேண்டும். பிறகு மருந்துக்கு உடல் எப்படி இணங்குகிறது, வேறு நோயைச் சுட்டும் அறிகுறிகள் உண்டா என்பவை பார்க்கப்படுகின்றன. ஆனாலும் இப்படிச் செய்யும் முடிவில் பிழை நேர்கிறது. இறந்தபின் மூளையைச் சோதித்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு முடிவு தவறாக இருந்திருக்கிறது. ஸ்கேனுக்கு வேலை வருவது இந்த ஐந்தில் ஒன்றில்தான்.

அந்த வேலையும் ஒரே வேலை அல்ல. அறிகுறிகளுக்கு மூளையின் அமைப்பிலேயே வேறு காரணம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு முனைகள் உண்மையிலேயே அழிந்திருக்கின்றனவா என்பது இன்னொன்று. அழிந்திருந்தால் அது பார்க்கின்சனா, அதைப்போலவே தோன்றும் வேறொரு சிதைவு நோயா என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு கருவி, வேறு மருந்து, வேறு தயாரிப்பு. கேள்வியைத் தீர்மானிக்காமல் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தால், சரியாக எடுக்கப்பட்ட படம்கூட எதற்கும் உதவாது.

இழப்பு எங்கே நடக்கிறது

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருமையான பகுதி இருக்கிறது. நியூரோமெலனின் என்ற நிறமி அதற்குக் கருமை தருகிறது. இங்குள்ள டோபமின் செல்களின் நீண்ட நார்கள் மேலே சென்று ஸ்ட்ரையேட்டத்தில் முடிகின்றன. ஸ்ட்ரையேட்டம் என்பது புட்டாமென், காடேட் என்ற இரு பகுதிகள் சேர்ந்தது. பார்க்கின்சன் நோய் முதலில் தாக்குவது சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் கீழ்ப்புற, வெளிப்புறச் செல்களை. அவற்றின் நார்கள் போய்ச் சேருமிடம் புட்டாமெனின் பின்பகுதி. ஆகவே ஸ்ட்ரையேட்டத்தில் இழப்பு பின்னாலிருந்து முன்னோக்கி நகர்கிறது: முதலில் பின் புட்டாமென், அடுத்து முன் புட்டாமென், கடைசியாகக் காடேட். இரு பக்கமும் சமமாகவும் நடப்பதில்லை. வலது கையில் நடுக்கம் தொடங்கினால் இடப்பக்க மூளையில் இழப்பு அதிகம்.

அறிகுறிகள் வெளிப்படும் காலத்தில் இச்செல்களில் ஏறக்குறைய 30 முதல் 50 விழுக்காடும், புட்டாமெனில் இருக்க வேண்டிய டோபமினில் 60 முதல் 80 விழுக்காடும் போய்விட்டிருக்கும் என்பது நெடுநாளாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. டோபமின் ஸ்கேன்களின் தர்க்கம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. நோய் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்திருந்தால், நரம்பு முனைகளின் இழப்பு படத்தில் தெரியும் அளவைத் தாண்டியிருக்கும். தெரியவில்லை என்றால் காரணம் வேறு என்று சந்தேகிக்க வேண்டும். மேற்சொன்ன 2015 வரையறையிலும், டோபமின் முனைகளைக் காட்டும் ஸ்கேன் இயல்பாக இருப்பது பார்க்கின்சனை விலக்கும் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

வழக்கமான எம்.ஆர்.ஐ.: விலக்குவதற்கான படம்

பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளோடு வருபவருக்கு ஒருமுறையேனும் மூளைப் படம் எடுப்பது நியாயம். மூளையறைகளில் நீர் தேங்கி அவை விரிந்து போகும் நோயில் நடை தடுமாறும், சிறுநீர் கட்டுப்படாது, நினைவு மங்கும். அதைப் பார்க்கின்சன் என்று எண்ணிவிட முடியும். ஸ்ட்ரையேட்டத்தில் வந்த சிறு பக்கவாதங்கள், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் கட்டிய இரத்தம், கட்டி ஆகியவையும் அப்படியே. இவற்றில் பலவற்றுக்கு சி.டி. ஸ்கேனே போதும். ஆனால் நடுமூளையையும் அதற்குக் கீழேயுள்ள பான்ஸ் என்ற பகுதியையும் நுணுக்கமாக அளக்க சி.டி. உதவாது. கல்லீரல் சுருக்க நோயுள்ளவர்களிடமும், வெல்டிங் போன்ற வேலைகளில் மாங்கனீசு புகையைச் சுவாசிப்பவர்களிடமும், எம்.ஆர்.ஐ.யின் டி1 என்ற படவகையில், புட்டாமெனுக்கு உட்புறமுள்ள குளோபஸ் பாலிடஸ் பகுதி வெளுத்துப் பளிச்சென்று தெரியும். இளவயதில் அறிகுறி வந்தால் செம்பு தேங்கும் வில்சன் நோயையும் தேட வேண்டும்.

எடுக்க வேண்டிய படவரிசைகள்: 1 மி.மீ. தடிமனில் முப்பரிமாண டி1, பிறகு டி2, ஃப்ளேர், டிஃப்யூஷன், இரும்புக்கும் இரத்தக்கசிவுக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. காண்ட்ராஸ்ட் மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. படத்தைக் கெடுப்பது நடுக்கம்தான். தலையின் இருபுறமும் மெத்தை வைத்து இறுக்கினாலும் கையின் நடுக்கம் தோள்வழி தலைக்கு வந்து சேரும். ஏற்கெனவே மருந்து எடுப்பவராக இருந்தால், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு ஸ்கேனைக் குறித்துக்கொள்வது எளிய தீர்வு. இதயத்தில் பேஸ்மேக்கரோ மூளையில் தூண்டுகம்பியோ உள்ளவர்கள் அந்தக் கருவியின் அட்டையைக் காட்டாமல் உள்ளே போகக் கூடாது. அதன் மாதிரி எண்ணைப் பார்த்துத்தான் ஸ்கேன் எடுக்கலாமா, எந்தக் காந்த வலிமையில் எடுக்கலாம் என்று முடிவாகும்.

பார்க்கின்சனைப் போலத் தோன்றும் சிதைவு நோய்களில் இந்தப் படம் சில சமயம் தெளிவான விடை தரும். ப்ரோக்ரஸிவ் சூப்ரா நியூக்ளியர் பால்ஸி, சுருக்கமாக பி.எஸ்.பி., என்ற நோயில் நடுமூளை தேய்ந்துவிடும். பான்ஸ் அவ்வளவாகத் தேயாது. நேர்நடுவான பக்கவாட்டு வெட்டில் அது ஓர் ஓசனிச்சிட்டின் (ஹம்மிங்பேர்ட்) தலையும் அலகும்போல் தெரிவதால் அந்தப் பறவையின் பெயராலேயே இந்த அடையாளத்தைக் குறிப்பிடுகிறார்கள். கண்மதிப்பை நம்புவதைவிட அளப்பது நல்லது. நோய்க்கூறு ஆய்வில் உறுதியானவர்களை வைத்துச் செய்த 2013ஆம் ஆண்டு ஆய்வொன்றில், நடுமூளையின் குறுக்களவு 9.35 மி.மீ.க்குக் கீழே இருந்தாலோ, நடுமூளைக்கும் பான்ஸுக்கும் உள்ள விகிதம் 0.52க்குக் கீழே இருந்தாலோ அது பி.எஸ்.பி.யைச் சுட்டியது. இத்தாலியில் குவாட்ரோனே குழுவினர் 2008இல் முன்வைத்த எம்.ஆர்.பி.ஐ. குறியீடு இன்னொரு வழி. பான்ஸின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுத்து, நடுச் சிறுமூளைத் தண்டின் அகலத்தை மேல் சிறுமூளைத் தண்டின் அகலத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்க வேண்டும். அவர்களுடைய ஆய்வில் 13.55க்கு மேற்பட்ட மதிப்பு பி.எஸ்.பி.யைப் பிரித்துக் காட்டியது.

இந்த அளவீட்டில் பிழை எங்கே புகும் என்றால், வெட்டு நேர்நடுவில் இல்லாதபோது. தலை சற்றே திரும்பியிருந்தாலும் நடுமூளையின் பரப்பு மாறிவிடும். மேல் சிறுமூளைத் தண்டு சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது, 5 மி.மீ. தடிமன் வெட்டுகளில் அதை அளந்து எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை. முப்பரிமாணப் படத்தை நேராகத் திருப்பியமைத்து அதன் பிறகே அளக்க வேண்டும்.

மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி என்ற எம்.எஸ்.ஏ.யில் பான்ஸின் குறுக்கே ஓடும் நார்கள் சிதைந்து, டி2 படத்தில் சிலுவைபோல ஒரு வெண்கோடு தெரியும். சில மரபுவழிச் சிறுமூளை நோய்களிலும் அதே சிலுவை வரும். புட்டாமெனின் வெளிவிளிம்பில் மெல்லிய வெண்கோடு தெரிவதும் எம்.எஸ்.ஏ.யின் அடையாளமாகச் சொல்லப்படுவது. ஆனால் 3 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) கருவியில் நோயற்றவர்களுக்கும் அந்தக் கோடு தெரியும். இது தெரியாமல் எழுதப்படும் அறிக்கைகள் தேவையற்ற பயத்தை உண்டாக்குகின்றன. இந்த அடையாளங்கள் எல்லாமே நோய் முற்றும்போது வருபவை என்பதையும் மறக்கக் கூடாது. தொடக்கத்தில் அவை இல்லாததால் அந்நோய்கள் இல்லை என்று ஆகிவிடாது.

டோபமின் கடத்தியைக் காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேன்

இரண்டாம் கேள்விக்கு மிகுதியாகப் பயன்படுவது இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டோபமின் நரம்பு முனைகளின் மேற்பரப்பில், வெளியே கொட்டிய டோபமினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதுவே டோபமின் கடத்தி. அதில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, எங்கே எவ்வளவு ஒட்டியது என்று தலையைச் சுற்றிவரும் காமிராவால் படம் எடுக்கிறார்கள்; இந்தப் படமுறைதான் ஸ்பெக்ட். முனைகள் அழிந்த இடத்தில் மருந்து ஒட்டாது.

அயோடின்-123 ஏற்றிய ஐயோஃப்ளுபேன், டாட்ஸ்கேன் என்ற வணிகப் பெயரில், ஐரோப்பாவில் 2000இலும் அமெரிக்காவில் 2011இலும் ஒப்புதல் பெற்றது. லூயி உடல்கள் என்ற புரதத் திரள்களோடு வரும் மறதிநோயைக் கண்டறியவும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி விரிவாக்கப்பட்டது. அயோடின்-123இன் அரை ஆயுள் 13 மணி நேரம்தான். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் உண்டாக்கி, அன்றன்றைக்கு வரவழைக்க வேண்டும். நோயாளி வராவிட்டால் அந்த மருந்து வீண். டெக்னீசியம்-99எம் ஏற்றிய டிரோடாட்-1 இன்னொன்று. டெக்னீசியத்தை மருத்துவமனையிலேயே ஜெனரேட்டரிலிருந்து கறந்துகொள்ள முடிவதால் சைக்ளோட்ரான் எட்டாத இடங்களில் இது கைகொடுக்கிறது. மூளைக்குள் புகும் அளவு குறைவு, பின்னணியோடு வேறுபாடும் குறைவு. ஆகவே படம் சற்று மங்கல்.

தயாரிப்பு மருந்துப் பட்டியலில் தொடங்குகிறது. கோகெய்ன், ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட், மோடஃபினில், ப்யூப்ரோபியான், பென்ஸ்ட்ரோபின், மாசிண்டால் ஆகியவை அதே கடத்தியில் ஒட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து அரை ஆயுள் காலம் நிறுத்துவது பொது விதி. மோடஃபினிலுக்கு அது சுமார் 3 நாள், ப்யூப்ரோபியானுக்கு சுமார் 8 நாள். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் எண்ணிக்கை மதிப்புகளைச் சற்று மாற்றும். கண்ணால் படிக்கும் முடிவை மாற்றுவது அரிது. எதையும் நோயாளி தானாக நிறுத்தக் கூடாது; எழுதித் தந்த மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். லெவோடோபா, டோபமின் அகோனிஸ்ட் போன்ற பார்க்கின்சன் மருந்துகளை நிறுத்தவே தேவையில்லை. இது தெரியாமல் மாத்திரையை விட்டுவிட்டு விறைத்துப்போய் வந்து படுப்பவர்கள் வீணாகத் துன்பப்படுகிறார்கள்.

தைராய்டு சுரப்பி கதிரியக்க அயோடினை இழுத்துக்கொள்ளாமல் இருக்க, ஊசிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பு பொட்டாசியம் அயோடைடு தரப்படும். பிறகு 111 முதல் 185 மெகாபெக்கரல் அளவு மருந்து சிரை வழியே மெதுவாக, 15 முதல் 20 நொடிக்குக் குறையாமல் செலுத்தப்படும். மருந்து ஸ்ட்ரையேட்டத்தில் நிலைபெறவும் மற்ற இடங்களிலிருந்து கழுவிப்போகவும் காலம் வேண்டும் என்பதால் 3 முதல் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நிறைய நீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சிறுநீர்ப்பைக்குக் கதிர் குறையும். படமெடுக்க 30 முதல் 45 நிமிடம். மொத்தக் கதிர் அளவு ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிசீவர்ட். இயற்கைப் பின்னணிக் கதிர் உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை.

காமிரா தலையைச் சுற்றும் ஆரம் 11 முதல் 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தொலைவு கூடக் கூடப் படம் மங்கும். சிறு புட்டாமென் அக்கம்பக்கத்தோடு கலந்துவிடும். தோள் இடிக்கிறது என்று ஆரத்தைக் கூட்டிவிடுவது வழக்கமான தவறு. தலையை மேசைக்கு வெளியே நீட்டிய தாங்கியில் வைத்தால் தோள் தடையாகாது. குறைந்தது 120 கோணங்களில் எண்ணிக்கை எடுக்கப்படும்.

இயல்பான படத்தில் இரு பக்கமும் காற்புள்ளி வடிவம் தெரியும்: தலைப்பகுதி காடேட், வால் புட்டாமென். பார்க்கின்சனில் வால் முதலில் மறைந்து, காற்புள்ளி முற்றுப்புள்ளியாகச் சுருங்கும். அறிகுறி மிகுந்த கைக்கு எதிர்ப்புறத்தில் அது முந்தி நடக்கும். கண்ணால் பார்ப்பதோடு, ஸ்ட்ரையேட்டத்தின் எண்ணிக்கையிலிருந்து பின்தலையிலுள்ள மூளைப் புறணியின் (மேலடுக்கின்) எண்ணிக்கையைக் கழித்து, அதே பின்தலை எண்ணிக்கையால் வகுத்து ஒட்டு விகிதம் கணக்கிடுவார்கள். வயதாக ஆக இயல்பாகவே பத்தாண்டுக்கு 5 முதல் 8 விழுக்காடு குறைவதால், அந்த வயதினரின் அளவோடு, அதே வகைக் காமிராவில் எடுத்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

இனி, எங்கெல்லாம் தவறுகிறது. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஒரே வெட்டில் ஒருபுறம் காற்புள்ளியும் மறுபுறம் முற்றுப்புள்ளியும் தெரியும். நோய் ஒரு பக்கம் தொடங்கிவிட்டது என்று தோன்றும். படத்தை நேராக்கியதும் இரண்டும் சமமாகும். தலை அசைந்ததா என்று சுழலும் மூலப்படங்களை ஓட்டிப் பார்க்காமல் வெட்டுகளை மட்டும் படிப்பது ஆபத்து. படிப்படியாக நிறம் மாறும் வண்ண அளவுகோலில் சிறு வேறுபாடுகூடப் பெரும் வீழ்ச்சிபோலத் தெரியும். சீராக மாறும் ஒற்றைநிற அளவில் பார்ப்பது பாதுகாப்பானது. காடேட்டில் பழைய பக்கவாதம் இருந்தால் அங்கே குழி விழுந்ததுபோல ஒரு வெற்றிடம் தெரியும், அருகில் எம்.ஆர்.ஐ. படம் இல்லாமல் டாட் ஸ்கேனைப் படிக்கும்போது அது சிதைவு நோயாகப் பதிவாகிவிடும்.

இந்த ஸ்கேன் எதைப் பிரிக்கும்? எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கநோயில் படம் இயல்பு. மனநோய் மருந்துகளும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடும், தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசினும் உண்டாக்கும் பார்க்கின்சன் அறிகுறிகளில் படம் இயல்பு. அவை டோபமினைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்தை அடைக்கின்றன, கடத்தி உள்ள பக்கம் கெடுவதில்லை. லெவோடோபாவுக்கு மிக நன்றாக இணங்கும் ஒருவகை மரபுவழி டிஸ்டோனியாவிலும் (தசைகள் தானாக முறுக்கிக்கொள்ளும் நோய்) இயல்பு. எதைப் பிரிக்காது? பார்க்கின்சன், எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி. மூன்றிலும் முனைகள் அழிகின்றன. மூன்றிலும் படம் கெட்டிருக்கும். ‘ஸ்கேனில் பார்க்கின்சன் என்று வந்துவிட்டது’ என்று சொல்வது ஆகவே சரியல்ல. ஸ்கேன் சொன்னது டோபமின் முனைகள் குறைந்துவிட்டன என்று மட்டுமே. எந்த நோயால் குறைந்தன என்பதைப் பரிசோதனை அறையில்தான் தீர்மானிக்க வேண்டும்.

மருந்துச் சோதனைகளில் பார்க்கின்சன் என்று சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தப் படம் இயல்பாக இருந்தது. பத்தில் ஒருவர் என்ற அளவில் வந்த இவர்களைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலோருக்குப் படம் இயல்பாகவே நீடித்தது, நோயும் முற்றவில்லை. அவர்களுக்கு இருந்தது வேறு நடுக்கம் அல்லது டிஸ்டோனியா. அறிகுறி சந்தேகத்துக்கு இடமின்றி இருப்பவருக்கு இந்த ஸ்கேன் புதிதாக எதையும் சொல்லாது. நோயாளியைச் சமாதானப்படுத்துவதற்காக எடுப்பதைக் கைவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நோயின் முன்னேற்றத்தை அளக்க இதைத் திரும்பத் திரும்ப எடுப்பதும் சரிவராது. 2004இல் வெளியான எல்டோபா சோதனையில் 361 பேருக்கு 40 வாரம் லெவோடோபாவோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. லெவோடோபா எடுத்தவர்கள் நடமாட்டத்தில் மேலாக இருந்தார்கள். கடத்தி ஸ்கேனிலோ அவர்களுக்கு வீழ்ச்சி அதிகமாகத் தெரிந்தது. மருந்தே கடத்தியின் அளவை மாற்றக்கூடும் என்பது இதற்கான ஒரு விளக்கம். அப்படியானால் படத்தின் எண் குறைவதை நரம்பு அழிவதாக நேரடியாக வாசிக்க இயலாது.

பெட் ஸ்கேன்கள்

பெட் ஸ்கேனும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுப்பதுதான். ஃப்ளோரின்-18 ஏற்றிய டோபாவை (டோபமினாக மாறும் மூலப்பொருள்) செலுத்தி உயிருள்ள மனித மூளையில் டோபமினைக் காட்டிய முதல் படங்கள் 1983இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன. நரம்பு முனை அந்த டோபாவை உள்வாங்கி, டோபமினாக மாற்றிச் சேமிப்பதை இப்படம் அளக்கிறது. ஸ்பெக்ட்டைவிடத் துல்லியம் அதிகம், ஊசிக்கும் படத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரமே. அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் உற்பத்தி இடம் அருகில் வேண்டும். மூளைக்கு வெளியே டோபா மாற்றமடைந்து வீணாகாமல் இருக்க ஒரு மணி நேரம் முன்பு கார்பிடோபா மாத்திரை தருவார்கள். புரத உணவு உண்டு வந்தால் உணவின் அமினோ அமிலங்கள் மூளைக்குள் புகும் அதே வாயிலில் போட்டியிடும். எனவே வெறும் வயிறு. இங்கே லெவோடோபாவையும் முந்தைய இரவோடு நிறுத்த வேண்டும். டாட் ஸ்கேனின் விதி இதற்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. நோயின் தொடக்கத்தில் மிஞ்சிய முனைகள் கூடுதலாக உழைத்து டோபாவை மாற்றுவதால், உண்மை இழப்பைவிடக் குறைவாக இப்படம் காட்டலாம். கடத்தி ஸ்கேனில் நடப்பது இதற்கு எதிர்: மிஞ்சிய முனைகள் கடத்தியைக் குறைத்துக்கொள்வதால் இழப்பு கூடுதலாகத் தெரியும்.

மூன்றாம் கேள்விக்கு, அதாவது எந்தச் சிதைவு நோய் என்பதற்கு, சர்க்கரைப் பயன்பாட்டைக் காட்டும் எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனே அதிகம் உதவுகிறது. எம்.எஸ்.ஏ.யில் புட்டாமெனும் சிறுமூளையும் மங்கும். பி.எஸ்.பி.யில் நடுமூளையும் முன்மூளையின் உட்புறமும் மங்கும். கார்ட்டிகோபேசல் சிதைவில் பாதிக்கப்பட்ட கைக்கு எதிர்ப்புறத்துப் புறணியும் அடியிலுள்ள கருக்களும் ஒருபக்கமாக மங்கும். பார்க்கின்சனில் புட்டாமென் மங்காது. ஒப்பளவில் சற்றுப் பிரகாசமாகக்கூட இருக்கும். நியூயார்க்கில் டேவிட் ஐடெல்பெர்க் குழுவினர் இந்தப் பரவலைப் புள்ளியியல் முறையில் பிரித்தெடுத்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வளர்சிதை மாற்றக் கோலத்தை வகுத்தனர்.

நாலு முதல் ஆறு மணி நேரம் உண்ணாமல் இருந்து, இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, மங்கிய வெளிச்சமுள்ள அமைதியான அறையில் படுத்திருக்க, ஊசிக்குப் பின் அரை மணி நேரமேனும் பேசாமல் இருக்க வேண்டும். பேசினாலும் படித்தாலும் அதற்கான மூளைப் பகுதிகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்; படம் அந்தச் செயலைக் காட்டும், நோயை அல்ல. சர்க்கரை அளவு மிக உயர்ந்திருந்தால் புறணி முழுவதும் மங்கி, மறதிநோய் என்று தவறாகப் படிக்க இடமுண்டு.

3 டெஸ்லாவில் நடுமூளையை நெருங்கிப் பார்ப்பது

கதிரியக்கமே இல்லாமல் இரண்டாம் கேள்விக்கு விடை தேடும் முயற்சிகள் இங்கே நடக்கின்றன. சப்ஸ்டான்ஷியா நைக்ராவுக்குள் நைக்ரோசோம்-1 என்ற சிறு கொத்து உண்டு. டோபமின் செல்கள் மிகுதியாக அழியும் இடம் அதுதான். நோயற்றவரின் எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில், சுற்றிலும் இரும்பால் கறுத்த பகுதிக்கு நடுவே அது வெளுத்த கோடாகத் தெரிந்து, முழு உருவமும் தகைவிலான் குருவியின் பிளந்த வாலை ஒத்திருக்கும். பார்க்கின்சனில் அந்த வெளுத்த கோடு மறையும். எடுக்கக் கூடுதல் மருந்தோ ஊசியோ வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் அந்தக் கொத்து சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. 1.5 டெஸ்லாவில் நம்பிப் படிக்க முடியாது. வெட்டின் கோணம் மாறினாலும், தலை சற்று அசைந்தாலும், நோயற்றவருக்கும் வால் மறைந்துவிடும். எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி. ஆகியவற்றிலும் மறையும்.

நியூரோமெலனின் எம்.ஆர்.ஐ. இதன் இணை. ஜப்பானில் சசாகி குழுவினர் 2006இல் காட்டிய இம்முறையில், நிறமியுள்ள செல்கள் டி1 படத்தில் வெளுத்துத் தெரிகின்றன. நோயில் அந்த வெண்பகுதி சுருங்குகிறது, முதலில் வெளிப்புறத்தில். சுமார் பத்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டியது நடுக்கமுள்ளவருக்குக் கடினம். கருவிக்குக் கருவி அளவு மாறுவதால், ஓரிடத்தின் எல்லை எண்ணை இன்னோரிடத்தில் அப்படியே பயன்படுத்த முடியாது.

அல்ட்ராசவுண்ட், இதய ஸ்கேன்

1995இல் ஜெர்மனியில் பெக்கர் குழுவினர், காதுக்கு முன்னுள்ள மெல்லிய எலும்பு வழியே அல்ட்ராசவுண்ட் செலுத்தியபோது பார்க்கின்சன் நோயாளிகளின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா வெளுத்துத் தெரிவதைக் கண்டார்கள். 2 முதல் 3.5 மெகாஹெர்ட்ஸ் கருவி, 14 முதல் 16 செ.மீ. ஆழம், வண்ணத்துப்பூச்சி வடிவ நடுமூளை; அதற்குள் வெளுத்த பகுதியின் பரப்பை அளப்பார்கள். 0.20 ச.செ.மீ. சுற்றுவட்டத்தில் எல்லை இருக்கும். கருவியைப் பொறுத்து மாறும். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது தெரியும். நோயற்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியும். நோய் முற்றும்போது பரப்பு மாறுவதில்லை. வயதான பெண்களில் பலருக்கு எலும்பு தடித்திருப்பதால் ஒலி உள்ளேயே போகாது. பார்ப்பவரின் பயிற்சியே இங்கு எல்லாம்.

இதயத்தைப் பார்த்து மூளை நோயைப் பிரிப்பது விந்தையாகத் தோன்றலாம். பார்க்கின்சனில் இதயத்துக்குச் செல்லும் சிம்பதெடிக் என்ற தன்னியக்க நரம்புகளின் முனைகளும் அழிகின்றன, எம்.எஸ்.ஏ.யில் அவை பெரும்பாலும் தப்புகின்றன. அந்த முனைகளில் சேரும் அயோடின்-123 எம்.ஐ.பி.ஜி. மருந்தைச் செலுத்தி, 15 முதல் 30 நிமிடத்தில் ஒருமுறையும், 3 முதல் 4 மணி நேரத்தில் மறுமுறையும் படமெடுத்து, இதயத்துக்கும் நெஞ்சின் நடுப்பகுதிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். ஜப்பானில் இது பரவலான சோதனை. நீண்டகாலச் சர்க்கரை நோயால் வந்த நரம்புச் சேதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு இருந்தால் விடை நம்பத்தக்கதல்ல. லாபெட்டலால், ட்ரைசைக்ளிக் மனச்சோர்வு மாத்திரைகள் ஆகியவையும் அளவைக் குறைக்கும்.

ஆல்ஃபா சினுக்லீனை நேரடியாகக் காட்டுதல்

இதுவரை சொன்ன எல்லாமே நோயின் விளைவைப் பார்ப்பவை. நோயின் மையத்தில் இருக்கும் ஆல்ஃபா சினுக்லீன் புரதத் திரளைப் பார்க்கின்சனில் படமாக்குவது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஏசிஐ-12589 என்ற மருந்து எம்.எஸ்.ஏ. நோயாளிகளின் சிறுமூளையில் தெளிவாக ஒட்டியதை 2023இல் காட்டினார்கள். பார்க்கின்சனில் அவ்வாறு தெரியவில்லை. இரு நோய்களிலும் புரதம் ஒன்றேயானாலும் அதன் இழைகள் மடியும் விதம் வேறு. பார்க்கின்சனில் திரளின் அளவும் குறைவு, அது செல்லுக்குள்ளே அடைபட்டும் கிடக்கிறது.

ஸ்கேனுக்கு எழுதும் படிவம்

படம் படிப்பவருக்கு ‘பார்க்கின்சனா?’ என்ற ஒற்றைச் சொல் போதாது. எந்தப் பக்கம் அறிகுறி தொடங்கியது, எத்தனை ஆண்டுகள், லெவோடோபாவுக்கு இணக்கம் எப்படி, தொடக்கத்திலேயே விழுகிறாரா, கண் மேலே கீழே அசைவதில் தடையுண்டா, எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்குகிறதா, உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், சர்க்கரை நோய், பழைய பக்கவாதம், உடலில் பொருத்திய கருவிகள் ஆகியவற்றை எழுத வேண்டும். முந்தைய எம்.ஆர்.ஐ. படங்களைத் தாளில் அச்சிட்ட பிரதியாக அல்லாமல் டிஸ்க்கில் கொடுத்தால்தான் படிப்பவர் அவற்றை நேராக்கி அளக்க முடியும்.